அவள் சொன்ன முதல் வார்த்தை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை, வாளி வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா முந்திக்கொண்டு போன் செய்திருப்பார். "டாக்டரையே கடிச்சிருக்கா, வேற குழந்தையா பாத்துக் கேக்கச் சொல்லு" என்றிருப்பார். கடித்தது உண்மைதான். மீதியை என்னிடம் கேளுங்கள்.

வளர்ப்புப் பிள்ளையாக ஒரு வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டுமாம். அழைத்துப் போனேன். ஐந்து வயதுப் பெண்ணுக்கு மூன்று வயதின் எடைதான். பல்லெல்லாம் சொத்தை. எடை பார்க்கும்போதும் பல் பார்க்கும்போதும் மரம் மாதிரி நின்றாள். டாக்டர் யாருடனோ போனில் பேசிக்கொண்டே அவள் சட்டையைத் தூக்கினார். "வேணாம்" என்றாள். நம்மிடம் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடித்துவிட்டாள்.

பரிசோதனைத் தாளில் 'ஒத்துழைக்காத குழந்தை' என்று எழுதினார். குழந்தைகள் நலத்துறையிலிருந்து கூட வந்த அதிகாரியம்மா என்னைத் தனியே அழைத்து, "கஷ்டம்னா இப்பவே சொல்லிடுங்க, விடுதிக்கு அனுப்பிடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரியை அடியுங்கள், குழந்தையிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டுமே.

கடைசியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் கையிலேயே கொடுத்தார். என் நெஞ்சில் வைத்துக் கேட்டாள், பிறகு அவர் நெஞ்சில். அப்புறம் தானே சட்டையைத் தூக்கினாள். முதுகில் இருந்த தழும்புகளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. விலா எலும்பு ஒன்று எப்போதோ ஒடிந்து, தானாகவே கூடியிருக்கிறது. டாக்டர் தானே அந்த வரியை அடித்தார்.

வெள்ளிக்கிழமை நீங்களும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவள் இங்கே இருக்கலாமாம். அக்கா கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு குழந்தைக்கு என் கையெழுத்து விழாது.

இன்று காலை சீப்பை எடுத்தேன். "வேணாம்" என்றாள். பரட்டைத் தலையோடு வீடெல்லாம் திரிகிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வந்ததும் ஆசையில் அவளை வாரித் தூக்கப் போவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? கேட்டுவிட்டுத் தூக்குங்கள். வேண்டாம் என்றால் கையை இறக்கிவிடுங்கள். அவளுக்கு ஒரு அப்பா அப்படித்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒத்துழைக்காத மனைவி