பாயில் தைத்த கல்யாணக் கொடி

மே 9, வியாழன்

கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்தேன். தீவில் பிறந்தவளுக்கு இது தேவைதான். என் கொழுந்தன் ஹாலிஸ் சிரித்த சிரிப்பில் பாய்மரப் படகே ஆடியது. "அண்ணி, கடல் இன்னும் வரவே இல்லையே!"

சனிக்கிழமை காரியாக்கூ தீவில் என் மகள் ஜெனெலுக்குக் கல்யாணம். பெண் வீட்டுக் கேக்கையும் கொடியையும் கிரெனடாவிலிருந்து நான்தான் கொண்டுபோகிறேன். இரு வீட்டாரும் அவரவர் கேக்கை ஏந்தி, கொடி பிடித்து ஆடும்போது எவர் கொடி மேலே நிற்கிறதோ அவர் பேச்சுதான் மணமக்கள் வீட்டில் எடுபடும். எப்போதும் மாப்பிள்ளை வீட்டுக் கொடிதான் நிற்கும். இந்த முறை நிற்காது. சம்பந்தி ஆல்டன் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "கொடிய மடிச்சே கொண்டுவாங்க, மேசை துடைக்க ஆகும்."

பயணிகள் கப்பலில் போகலாம் என்றேன். "படகுப் பந்தயத்துல ஜெயிச்சவன் நான் இருக்கையிலயா?" என்றான் ஹாலிஸ். அந்தப் பந்தயத்தில் ஓடியவை மூன்றே படகுகள். ஒன்று பாறையில் ஏறியது. இன்னொன்றை ஓட்டியவன் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

மே 10, வெள்ளி

மலை மறைவில் காற்றே இல்லை. பந்தய வீரர் விசிலடித்தார், காற்றைக் கூப்பிடுகிறாராம். அந்த விசிலுக்கு நாய்கூட வராது. மோட்டாரைப் போடுடா என்றேன். டீசல் வாங்க மறந்துவிட்டாராம்.

கிரெனடாவின் வடமுனை தாண்டியதும் காற்று கூப்பிடாமலே வந்தது. கிழக்கிலிருந்து ஓர் அறை, வடக்கிலிருந்து ஓர் அறை. கடலடியில் எரிமலை கிடக்கும் இடத்தில், போய்ச் சேர்ந்த பெரியவர்களுக்குக் கடலில் ரம் ஊற்றுவது வழக்கம். ஹாலிஸ் ஒரு சொட்டு விட்டுவிட்டு மீதியைத் தானே குடித்தான். "அவங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணி, அதிகம் தாங்காது." அடுத்த வீச்சில் பெரிய பாய் கிழிந்தது.

ரோண்ட் தீவின் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறோம். ஊசி, நூல் உண்டு. ஒட்டுப்போடத் துணி இல்லை. அம்மா இல்லாமல் கல்யாணமா? ஹாலிஸ் கொடி இருக்கும் என் பையையே பார்க்கிறான். தொடட்டும், கைய ஒடிச்சிடுறேன்.

மே 11, சனி, காலை

கொடியை நானே கொடுத்தேன். ஜெனெல் பெயரை ராவெல்லாம் கண் நோகத் தைத்த சிவப்புக் கொடி. அழுதேனா? உப்புத்தண்ணி தெறிச்சுது, அவ்வளவுதான்.

"நல்லா ஒட்டிக்கிச்சு பாருங்க அண்ணி" என்கிறான். முதலில் இவன் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

பாய் தாங்குகிறது.

மே 12, ஞாயிறு

நேற்று தேவாலய மணி அடிக்கும் முன் போய்ச் சேர்ந்தோம்.

கரையிலேயே ஆல்டன். "கொடி எங்க சம்பந்தியம்மா? வழியிலயே துடைச்சு முடிச்சிட்டீங்களா?"

மோதிரம் மாற்றும்வரை பொறுத்தேன். பிறகு பாயைக் கழற்றச் சொன்னேன். எங்கள் ஆட்கள் அதைத் தலைக்கு மேல் பிடித்து ஆடிவந்தார்கள், நடுவில் ஜெனெல் பெயர். மாப்பிள்ளை வீட்டுக் கொடி முதல் சுற்றிலேயே பாய்க்கு அடியில் போனது. ஆல்டனும் கூடவே.

"மூச்சு முட்டுது!"

"எங்க கொடி மேலதான், ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன், தூக்கித் தொலைங்க!"

தூக்கினோம். அவர்கள் வீட்டு மூன்றடுக்குக் கேக் ஓரடுக்காகியிருந்தது. அதன்மேல் ஆல்டன் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் மிஞ்சியதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டோம். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.