இலைச்சாற்றில் செய்த வெள்ளைப் பொடி

அம்மா, இந்தக் கடிதத்தை அப்பாவிடம்கூடக் காட்டாதே. உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம், பயப்படாதே.

பள்ளி ஆய்வகத்தில் ரசாயனத்தைக் குறைத்து, இலைச்சாறு சேர்த்து, துத்தநாக ஆக்சைடு நானோ பொடி செய்தோம். மீதியை விடுதிக்கு எடுத்து வந்தது என் தப்பு. அறைத்தோழி அதை முகப்பவுடர் மாதிரி தூள் பறக்க முகத்தில் அப்பிக்கொண்டாள்.

"இலையில செஞ்சதுதானேடி, என்ன பண்ணிடும்?"

"ஒண்ணும் பண்ணாது மகாராணி, பூசிக்கோ" என்றேன் நானும்.

சாயங்காலத்திலிருந்து விடாமல் இருமுகிறாள். "எதுல செஞ்சாலும் இந்தத் தூசியை மூச்சுல இழுத்துடாதீங்க" என்று டீச்சர் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. வார்டனிடம் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் இவளுக்கு என்ன ஆகுமோ?

தலை வரை மூடும் போர்வை ஒன்று அனுப்பு அம்மா. இருமல் காதிலேயே நிற்கிறது. நீயும் நாலு வரி எழுது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வார்டன்தான். பொடி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்