உங்கம்மா

ஜூன் 3
விடுதியை இடிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அப்பாவிடம் சொன்னது தப்பாகிவிட்டது. "தங்க இடமில்லைன்னா கிளம்பி வந்துடு. படிச்ச வரைக்கும் போதும்." இன்னும் ஒரே வருடம்தான் பாக்கி. எப்போதடா சாக்கு கிடைக்கும் என்று காத்திருந்திருக்கிறார் மனுஷன்.

ஓட்டைவாயின் அண்ணனும் இதே பாட்டுத்தான் பாடுகிறானாம். அவளும் நானும் சேர்ந்து தேடுவதாக முடிவு. (ஒரு ரகசியம் அவள் வாயில் நிற்காது. வகுப்பே வைத்த பெயர்.)

ஜூன் 9
மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. "படுக்கத்தானேம்மா போறீங்க?" என்கிறார் வீட்டுக்காரர். இன்னொன்றில் குளியலறைக்குக் கதவே இல்லை. அடுத்தது நல்ல வீடு. வாடகையைக் கேட்டதும் ஓட்டைவாய்க்கே பேச்சு வரவில்லை. கால் வலி உயிர் போகிறது.

ஜூன் 14
தரகர் வழி சொன்னார். "படிக்கிற பொண்ணுங்கன்னா யாரும் குடுக்க மாட்டாங்கம்மா. கூடப் பொறந்தவங்கன்னு சொல்லிடுங்க. ரெண்டு பேர் மூக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு."
இல்லவே இல்லை. என் மூக்கு எவ்வளவோ தேவலை.

ஜூன் 17
கிடைத்துவிட்டது. மொட்டைமாடியில் ஒற்றை அறை. தண்ணீர் ஒழுங்காக வருகிறது, வாடகையும் தாங்கும். நான் அக்கா, அவள் தங்கை. "உளறித் தொலைக்காதே" என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். வீட்டுக்காரம்மா முன்னால் அவள் போட்ட "அக்கா, அக்கா"வில் எனக்கே புல்லரித்தது.

ஜூன் 21
குடிவந்து இரண்டு நாள்தான் ஆகிறது. மாடிப்படியில் ஏறும்போது அவள் அண்ணன் போன் செய்தான். அம்மாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுடி, பயப்படாதே" என்றேன்.

கீழே மோட்டார் போட வந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதென்ன உங்கம்மா? அப்ப உன்னைப் பெத்தவ யாரு?"

நம்மம்மா என்று வந்திருக்க வேண்டும். அம்மா என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஓட்டைவாய் அழுகையிலும் வாய் திறக்கவில்லை. உளறினது நான். நான்தான் உளறினேன், வேற யாரு?

"பொய் சொல்லி வந்தவங்க எனக்கு வேண்டாம். மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

ஜூன் 22
அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். என்மேல் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
"எப்படியாவது ஒரு ரூம் பாத்துடுடி. ரூம் இருக்குன்னாத்தான் அண்ணன் திரும்ப விடுவான். இல்லைன்னா அம்மாவைப் பாத்துக்கன்னு அங்கேயே உக்கார வச்சிடுவான்."
கட்டாயம் பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 25
இல்லை.

ஜூன் 27
எங்கே போனாலும் ஒரே கேள்வி: "ரெண்டு பேரா? ஒரு ஆளுன்னா சொல்லும்மா, பாக்கலாம்." அப்பா என்னை அழைத்துப்போக டிக்கெட் எடுத்துவிட்டார். யாரைக் கேட்டு எடுத்தார்? நான் என்ன மூட்டையா, வந்து தூக்கிக்கிட்டுப் போக?

ஜூன் 29
ஒரு தையல்காரம்மா வீட்டில், துணி போட்டு வைத்திருந்த அறை. கட்டில் போட்டதும் கதவு பாதிதான் திறக்கிறது. "நீ மட்டும்தானே?" என்று கேட்டார்.
ஆமாம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.
அப்பாவிடம் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 1
அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஜூலை 2
அவளே கூப்பிட்டாள். குரலில் பழைய கலகலப்பு. "அம்மா கையை லேசா அசைக்கிறாங்கடி. அத்தை வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ரூம் என்னாச்சு? அண்ணன்கிட்ட கிடைச்சிடும்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பவே சொல்றேன், எனக்கு ஜன்னல் பக்கம்."

"கிடைச்சுது" என்றேன். "ஒரு ஆளுக்குத்தான்டி."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை.

"சரி" என்றாள். "சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.