பாத விளிம்பில் நடந்த நங்கைக்கு

நங்கை,

ஷூவுக்குள் கடிக்கிறது என்று என் மருமகள் காலையில் மெட்டிகளைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. நான்தான் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்களை நங்கை என்றுதான் கூப்பிட்டேன். தொண்ணூறுகளில் உங்களுக்கு அறுபது ஆகியிருக்கும். இரண்டு பெருவிரல்களும் அடுத்த விரல் மேல் சாய்ந்து, அடிமூட்டில் எலும்பு எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்து நிற்கும். எந்தச் செருப்பும் சேராது. பெருவிரலை ஊன்ற முடியாமல், பாதத்தின் வெளி ஓரத்தை வைத்து வைத்து நடப்பீர்கள். தோட்டத்திலிருந்து வீடு வருவதற்குள் எட்டு இடத்தில் நிற்பீர்கள். அண்ணனுக்குச் சோறு ஆறிவிடும் என்று நானும் உங்களை விரட்டியிருக்கிறேன். சோம்பல் என்று நினைத்தேன், பாழாய்ப்போன புத்தி.

சாய்ந்த விரல் மெட்டியை அழுத்தி, புண்ணாகிச் சீழ் பிடித்தபிறகுதான் பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஆபரேஷன் வேண்டாமென்றால் மெட்டியையாவது வெட்டி எடுத்துவிடுங்கள், புண் ஆறும், கொஞ்சம் நடக்கலாம் என்றார் டாக்டர். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"அண்ணன் இருக்கறப்ப மெட்டியக் கழட்டறதாங்க நங்கை?" என்றேன்.

அவ்வளவுதான். காலை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். களிம்பு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பின்தங்கினீர்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் புண்ணோடு ஐந்து வருஷம் நடந்தீர்கள். அண்ணன் காரியத்தன்றுதான் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். மூன்றாம் மாதம் நான் ஊருக்கு வந்தபோது, தோட்டத்திலிருந்து ஒரு இடத்திலும் நிற்காமல் வந்தீர்கள். எலும்பு அப்படியேதான் இருந்தது, அந்த விளிம்பு நடையும்தான். புண் மட்டும் ஆறியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் உங்கள் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்.

"இப்ப நோவே இல்ல அம்மணி. அதுதான் பாவமா இருக்குது. உங்கண்ணன் போயித்தான் என்ற காலு நல்லாகோணுமா?"

தடுத்தவள் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று எழுந்து போய்க் காப்பி வைத்தேன். நீங்களும் கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கும் வயதாகிவிட்டது நங்கை, இதை மறைத்து மறைத்துச் சலித்துப்போய்விட்டது. அந்தப் பாவம் உங்களுடையதல்ல. என்னுடையதை நீங்கள் சுமந்துகொண்டு போய்விட்டீர்கள்.