அரசருக்கு முடி வளரும்வரை

செப்டம்பர் 4

மடத்துக்கு வந்தாயிற்று. அரண்மனை எழுத்தனான எனக்கு இங்கே வேலை: ஒரு மனிதரின் தலையில் முடி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது.

கோடையில் அரசர் இறந்தார், பிள்ளையில்லாமல். நாட்டை எப்படியும் அரண்மனைத் தலைவர்தான் நடத்துகிறார். ஆனாலும் மார்ச் முதல் தேதி படை கூடும்போது மாட்டுவண்டியில் உட்கார ஓர் அரசர் வேண்டும். அரச ரத்தம் வேண்டும், நீண்ட முடி வேண்டும். ரத்தம் இந்த மடத்தில் பன்றி மேய்த்துக்கொண்டிருக்கிறது. பெயர் பவுடிமிர். ஏழு வயதில் சித்தப்பா, அரசுரிமை போகட்டுமென்று, மொட்டையடித்து இங்கே தள்ளிவிட்டார்.

என்னைக் கொண்டுவந்து விட்டவர் ரக்னோபர்ட், அரண்மனைத் தலைவரின் வலக்கை. கிளம்பும்போது குதிரைமேலிருந்து சொன்னார்: "மார்ச்சுக்குள்ள காதையாவது மூடணும். மூடிருச்சுன்னா அரண்மனை எழுத்துக்கூடம் உன் கையில. ஆமா, உன் முடி ஏன்டா தோளைத் தொடுது? ராஜான்னு நெனப்பா? வெட்டிக்கோ."

வெட்டமாட்டேன். காரணம் இங்கே வேண்டாம்.

வழியில் மியூஸ் நதியை ஓடத்தில் கடந்தோம். ஓடக்காரரைப் பார்த்து ரக்னோபர்ட், "பெரியவரே, காத்தடிச்சா உமக்குத் துடுப்பே வேண்டாம், காதே போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஓடக்காரர் என் அப்பா.

செப்டம்பர் 9

பவுடிமிருக்கு நாற்பது வயதிருக்கும். சேதியைக் கேட்டுவிட்டுப் பன்றியின் முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"முடிய எடுத்துக்கிட்டு உயிர விட்டாங்க, தம்பி. நல்ல வியாபாரம். இப்ப எதுக்கு அத மாத்தணும்?"

"நாடு கேட்குது, அண்ணே."

"நாடா கேட்டுச்சு? எந்த வாயால?"

 அளவெடுக்க உட்காரவைத்தேன். வைக்கோல் துரும்பில் நகத்தால் கீறல் போட்டுக்கொண்டேன். பவுடிமிரை அரசராக்கச் சிரமமிருக்காது. பன்றிகளுக்கு ஆணையிட்டுப் பழகியவர். அவை கேட்காவிட்டாலும் கோபப்படுவதில்லை.

அக்டோபர் 12

பக்கங்களில் நன்றாக வருகிறது. உச்சியில் இன்னும் இல்லை. முப்பது வருடம் துறவிகளின் வழக்கப்படி வட்டமாக மழித்த இடம், நேரம் எடுக்கும்.

அரண்மனைக்கு எழுதினேன்: "வளர்ச்சி திருப்தி."

நவம்பர் 11, மார்ட்டின் திருநாள்

உச்சியில் இல்லை.

நவம்பர் 13

இல்லை.

நவம்பர் 20

எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது. சமையல் சகோதரர்: வெங்காயச் சாறு. தோட்டத்துச் சகோதரர்: கரடிக் கொழுப்பு. மட அதிபர் ஜெபம் என்றார். எந்தப் புனிதரிடம் என்று கேட்டேன், யோசித்துச் சொல்வதாகப் போனார். அவருக்கும் உச்சியில் கிடையாது.

எல்லாவற்றையும் பூசினேன். பவுடிமிர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். வாசனைக்குப் பன்றிகளே விலகிப் போயின.

"உண்மையச் சொல்லிடவா?" என்றார். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். பக்கத்து முடிய மேல இழுத்துக் கட்டிக்கிட்டுத்தான் ராஜாவா இருந்தாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீ ஆசையா அளந்துக்கிட்டிருந்த. கெடுப்பானேன்?"

இத்தனை வருடம் மழித்த வட்டத்துக்குள் வழுக்கை பத்திரமாக ஒளிந்திருந்திருக்கிறது. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டிசம்பர் 15

அரண்மனைக்கு: "உச்சியில் சற்று நிதானமாக."

ஜனவரி 17

ரக்னோபர்ட் நேரில் வந்துவிட்டார். பவுடிமிரின் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முதலில் சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"குதிரைவால் முடிய ஒட்டினா?"

"காத்துல பறந்தா?" என்றார் பவுடிமிர், உதவும் எண்ணத்தோடு.

 அப்புறம் ரக்னோபர்ட்டின் பார்வை என்மேல் வந்து நின்றது. தோளில். நல்லவேளை வெட்டலப்பா, என்றார் மெதுவாக.

"உங்க அம்மா எங்க வேலை பாத்தாங்க?"

அரச பண்ணையில் நெசவு என்றேன். முட்டாள்.

"அங்கதான் செத்துப்போன ராஜா வருஷாவருஷம் வேட்டைக்கு வருவாரு. உங்க அப்பா யாரு?"

 ஓடக்காரர் என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் சொல்லாததை ஜனவரியில் எப்படிச் சொல்வது?

அவர் தலையாட்டிக்கொண்டார். "பன்னெண்டு பேரக் கூட்டிட்டு வரேன். புனிதர் எலும்புமேல கை வச்சுச் சத்தியம் பண்ணுவாங்க, நீ ராஜா புள்ளன்னு. பாத்திருக்க வேண்டியதில்ல. நம்பினா போதும். அதான சட்டம்."

ஜனவரி 18

குடத்து நீரில் முகம் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் அரச மூக்குதான்.

ஜனவரி 19

என்ன எழுதியிருக்கிறேன் நேற்று? வெட்கமாயில்லையா?

கொஞ்சம்தான்.

ஜனவரி 26

பவுடிமிர் இப்போது என்னை "அரசே" என்கிறார். "அரசே, தவிடு கொண்டாங்க." "அரசே, உங்க பாதம் சாணியில." கொண்டாடுகிறார் மனிதர்.

பிப்ரவரி 3

இன்று கேட்டேன், "அண்ணே, அரசனா இருந்தா என்ன கெட்டுப்போகும்?"

பன்றித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். பதினாறு வயசு. சித்தப்பா ஆளுங்க கத்திரிக்கோலோட வந்தப்ப, வெட்ட விடமாட்டேன்னுட்டான். ரொம்ப அழகான முடி."

தண்ணீர் ஊற்றினார்.

"அவங்க கத்தியும் கொண்டாந்திருந்தாங்க."

பிப்ரவரி 5

பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் எழுத்துக்கூடம் என்ன, நாடே என் பெயரில் எழுதும். அம்மா வேறொருத்தி ஆகிவிடுவாள். செத்துப்போனவள், வந்து மறுக்கமாட்டாள். அப்பா—

அப்பா மறுக்கமாட்டார். அதுதான். ஓடத்தில் அன்று என்னைத் தெரியாதவர் போலத் துடுப்புப் போட்டாரே. எனக்காகத்தான் போட்டார்.

முடியை ஏன் வளர்த்தேன்? சரி, எழுதிவிடுகிறேன். காதை மறைக்க.

பிப்ரவரி 6

விடிந்ததும் பன்றித் தொழுவத்துக்குப் போனேன். ஆட்டு ரோமம் வெட்டும் கத்திரிக்கோல் ஆணியில் தொங்கியது. எடுத்துப் பவுடிமிரிடம் நீட்டினேன்.

"நல்லா யோசிச்சியா?"

"வெட்டுங்கண்ணே. மனசு மாறிடப் போகுது."

வெட்டினார். அதிபர் பார்த்து வட்டத்தைச் சரிசெய்து, ஜெபம் சொல்லி மடத்தில் சேர்த்துக்கொண்டார். தலை இவ்வளவு குளிருமா?

பவுடிமிர் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். "அடடா. இந்தக் காதுகள எங்கடா வச்சிருந்த இத்தன நாளா?"

பிப்ரவரி 14

வந்துவிட்டார்கள். ரக்னோபர்ட், பன்னிரண்டு பேர், பின்னால் காலி மாட்டுவண்டி. மட வாசலில் நின்றேன். 

ரக்னோபர்ட்டின் முகம் சிவந்தது. "கொழுப்பாடா உனக்கு? முடி போனா என்ன, தொப்பி போட்டு—"

பன்னிரண்டு பேரில் ஒருவர், தாடிக்காரர், குதிரையிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை இடித்தார். அவர் அடுத்தவரை. சிரிப்பு வரிசையாகப் பரவியது.

"ஏங்க, இவனையா ராஜா புள்ளன்னு சத்தியம் பண்ணச் சொல்றீங்க? காலையிலதான இவங்கப்பன் ஓடத்துல வந்தோம்!"

"அந்தக் காத எங்க பாத்தாலும் தெரியுமே."

"எலும்புமேல கை வச்சா அந்தப் புனிதரே எந்திரிச்சுச் சிரிப்பாரு."

ரக்னோபர்ட் என் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் நினைவு வந்திருக்க வேண்டும். திட்டவில்லை. "அவரு உன் அப்பாவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. எங்கப்பா."

சொல்ல இவ்வளவுதான் நேரம் பிடிக்கிறது.

மார்ச் 1

இன்று படை கூடியிருக்கும். இங்கே மழை. ஒரு பன்றி எட்டுக் குட்டி போட்டது.

ஏப்ரல் 22

அரசர் கிடைத்துவிட்டாராம், வேறொரு மடத்தில். பதினெட்டு வயது. அடர்த்தியான முடி என்கிறார்கள்.

பவுடிமிர் பழைய துரும்பை எங்கிருந்தோ எடுத்துவந்து என் தலையில் வைத்துப் பார்த்தார்.

"வளருது."

கத்திரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மே 3

இரண்டு பன்றிக்குட்டிகளை அக்கரை மடத்துக்குக் கொண்டுபோனோம், பவுடிமிரும் நானும். அப்பா ஓடத்தை அணைத்துப் பிடித்தார். என் தலையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, மற்றவர் இருக்கிறாரே என்று.

"அண்ணே, இவரு எங்கப்பா" என்றேன்.

பவுடிமிர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இதச் சொல்லணுமா?"

அப்பா சிரித்து இதுவரை நான் பார்த்ததில்லை; இன்று சிரித்தார். துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். காற்று நன்றாக அடித்தது.