நடக்கிற ஆள் படம்

பொகவந்தலாவை
22.11.2009

அன்பு மகன் யோகேஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கட்டாரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன், அதை உன் வாயால் கேட்டுத்தான் நாளாகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல தங்கை கோகிலா எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. இங்கே விடாமல் மழை. தேயிலைக் கொழுந்து கொஞ்சம்தான், நிறை சேருவதற்குள் கை விறைத்துப்போகிறது. பின் லயத்து வீடுகளின் கூரைத் தகரம் காற்றில் போய்விட்டது, நம்முடையது தப்பியது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன், நீ பேசுவாய் என்று சிக்னல் விழுகிற கோவில் மேட்டில் போய் நின்றோம். இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். மிஸ்ட் கோல் கொடுத்தும் பார்த்தாள் தங்கை. நீ எடுக்கவில்லை என்று நான் கோபப்படவில்லை தம்பி, அப்பா சொன்ன வார்த்தை அப்படிப்பட்டது. ஆனால் அத்தை செத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கொத்மலை அத்தை தவறிய செய்தி விடியற்காலையில் தோட்டத்து ஒபிசுக்கு வந்தது. அப்பா உடனே கடைத்தெருவுக்குப் போய் கோடிச் சேலை வாங்கி வந்தார். பிறந்த வீட்டுக் கோடி போடாமல் ஒரு பொம்பளையைத் தூக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும், அத்தைக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏறி, இறங்கி, பிறகு மலையில் நடக்கவேண்டும், நேரத்துக்குப் போக முடியாது என்று நம் தோட்டத்து இராமையாவின் வேனைப் பிடித்தோம். அவனுக்கு அட்டன் வரைக்கும்தான் பாதை பழக்கம். அப்போது அப்பாதான் நீ பொங்கலுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப்போன போனை எடுத்துவரச் சொன்னார். நம் லயம், நுவரெலியா ஆசுபத்திரி, அத்தை வீடு என்று நீ அதில் புள்ளி வைத்துக் கொடுத்தாயே, சிக்னல் இல்லாவிட்டாலும் மேலே உள்ள செட்டலைட்டைப் பிடித்து வழி காட்டும் என்று சொன்னாயே, அதை அப்பா வழியெல்லாம் இராமையாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "எம் மகன் கட்டார்ல இதப் பாத்துத்தான் பாலவனத்துல ஓட்டுறான், தெரியுமா" என்று சொன்னார். தங்கச்சி செத்த துக்கத்திலும் அவர் முகத்தில் அந்தப் பெருமை இருந்ததை நான் பார்த்தேன்.

தலவாக்கலை தாண்டி பூண்டுலோயாப் பக்கம் போனதும் சிக்னல் போய்விட்டது. ஆனால் நீ சொன்ன மாதிரியே போனில் வழி காட்டுகிற கோடு நிற்கவில்லை, நாங்கள் நகர நகர அதுவும் நகர்ந்தது. ஒரு வளைவில் பெரிய ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பச் சொன்னது. இராமையா பிரேக் போட்டு, "அண்ணே, இது டிரக்டர் ரோடு மாதிரில்ல இருக்கு, யாரையாச்சும் கேப்பமா" என்று கேட்டான். அப்பா மடியில் சேலைப் பார்சலைப் பிடித்துக்கொண்டு, "எம் மகன் வச்ச புள்ளிக்குப் போற கோடுப்பா, நீ போ" என்று சொன்னார். போனோம். தேயிலைக்குள்ளே போகப் போக ரோடு ஒடுங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் ஒரு கல்படிக்கட்டில் முடிந்தது. போனில் கோடு மட்டும் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிர் மலையில் அத்தையின் லயம் தெரிந்தது, பந்தல் தெரிந்தது, சாவு மேளத் தப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. நடுவில் பள்ளம், ஆறு. வேனைத் திருப்ப இடம் இல்லை. பின்னுக்கே எடுத்துப்போய்ச் சுற்றி வந்தால் பொழுது போய்விடும் என்று அப்பா சேலையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த வலிக்கிற முழங்காலோடு படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். கான் வாய்க்கால் எல்லாம் தண்ணீர், காலெல்லாம் அட்டை. ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது தப்பு எழும்பி நகர்ந்து போகிற சத்தம் கேட்டது, அத்தையைத் தூக்கிவிட்டார்கள். அப்பா நின்றுவிட்டார். பிறகு மறுபடியும் நடந்தார்.

அத்தை வீட்டுக்காரர் செல்லசாமி மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, யாரோ கொண்டுவந்த சேலையைப் பிறந்த வீட்டுப் பேரைச் சொல்லிப் போட்டுத் தூக்கிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மண் மூடிவிட்டது. அப்பா அந்தக் கோடியை ஈர மண் மேலே விரித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் ஒருத்தி எங்கள் காதில் விழவேண்டும் என்றே, "கட்டார் போனு வழி காட்டுச்சாம், பொறந்த வீடு பொதச்ச பொறகுதான் வந்துச்சாம்" என்று சொன்னாள். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. சுற்றி வந்த வேனில் ஏறி, தலவாக்கலை வந்து சிக்னல் கிடைத்த உடனே உன் கோல் வந்தது. "ஒன் மெசினால எந் தங்கச்சிக்குக் கோடி போட முடியாமப் போச்சு, இனிமே எங்கூடப் பேசாத" என்று அவர் சொன்னது உன்னிடம் மட்டும் சொன்னதில்லை தம்பி. அந்த வளைவில் கேட்காமல் போகச் சொன்னவர் அவர்தானே.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது இராமையா போனைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல நடக்குற ஆள் படம்ல இருக்கு. வேனுக்குக் கார் படம் வைக்கணும். இது நம்மள நடக்குற ஆளுன்னு நெனச்சு குறுக்குப் பாதையக் காட்டியிருக்கு" என்று சொன்னான். அந்தப் படம் எப்போதும் அதில் இருந்ததுதான். தங்கை கடைக்குப் போக, நான் மேல் டிவிசனுக்குப் போக, நடந்து போகத்தான் அதைப் பார்த்திருக்கிறோம். நடக்கிற ஆள் படம் எங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை. நாம் எங்கே போனாலும் நடந்துதானே போனோம். நீ வைத்ததா, தங்கை வைத்ததா என்று இனி யாரும் யோசிக்க வேண்டாம். இந்த இடத்தில் தங்கை எழுதாமல் இருக்கிறாள், எழுதடி என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சரியாகச் சாப்பிடாமல்தான் திரிகிறாள்.

இராமையா சொன்னதை இவள் அப்பாவிடம் சொன்னாள். கருமாதிக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே இவளைத் தனியாகக் கூப்பிட்டு, புள்ளி வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு, அத்தையின் குழி மேட்டில் தன் கையாலேயே ஒரு புள்ளி வைத்தார். இப்போது வேலை விட்டு வந்ததும் போனை எடுத்து, உன் புள்ளி நம் லயத்தில் இருக்கிறதா, தன் புள்ளி அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒருநாள் படத்தைத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னார். இவள் தள்ளினாள், கொழும்பு தாண்டிக் கடலோடு முடிந்துவிட்டது. "இவன் இருக்குற எடம் இதுல இல்லையா" என்று கேட்டுவிட்டு மூடிவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், நீ வழக்கமாகப் பேசுகிற நேரத்தில், மழை பெய்தாலும் அப்பா அந்தப் போனோடு கோவில் மேட்டுக்குப் போகிறார். கேட்டால் பாதை பார்க்கப் போகிறேன் என்கிறார். பாதை பார்க்க சிக்னல் வேண்டாம் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். லயத்து வாசலில் நின்றே பார்க்கலாம். சிக்னல் விழுகிற மேட்டுக்கு எதற்குப் போகிறார் என்று நீயே யோசித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு, வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, நீ நல்லா இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
அங்கம்மா

அண்ணா, இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் கார் படத்துக்கு மாற்றிவிட்டேன். அப்பா பார்த்தார், மாற்றச் சொல்லவில்லை. "இனி யாரு ஓட்ட, அவன் வருவானா" என்று மட்டும் கேட்டார்.
- கோகிலா