லைஃப் ஜாக்கெட் அறையிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. சித்தியிடம் காட்டாதே. அம்மாவிடம் காட்டவே காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. சித்தி குப்பைக்கூடையைக் கிளறுகிற ஆள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், அதனால் கிழித்த பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிவிடு.

நீ எப்படி இருக்கிறாய், புதுப் பள்ளியில் யாராவது உன்னோடு பேசுகிறார்களா என்றெல்லாம் கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். முடியவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஏரிக்கரைப் பூங்கா முகாமுக்கு வந்திருக்கிறேன். ஆமாம், அதே முகாம். அம்மாவிடம் நானே அடம்பிடித்துப் பெயர் கொடுத்தேன். "உங்க அக்கா வாங்கிக் கொடுத்த பேரு போதாதா?" என்று கேட்டாள். இங்கே எதுவும் மாறவில்லை. பத்துப் பேர் படுக்கிற அதே பெரிய கூடாரங்கள், மழை பெய்தால் ஒரே மூலையில் ஒழுகும். சமையல் கொட்டகையில் அதே நீளமான சிமெண்ட் மேசை. குளியலறையில் அதே பனிக்கட்டித் தண்ணீர். போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தபோது கயிற்றுப் பாலத்தில் நான் நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியதைச் சமையல்காரர் இன்னும் நடித்துக் காட்டுகிறார். தொப்பி டீச்சரும் மாறவில்லை. அதே தொப்பி. அதே போன். "ஏரியில இறங்குறவங்க எல்லாரும் என் கண்ணு மாதிரி" என்று முதல் நாளே எங்களிடமும் சொன்னாள். உன்னைப் பள்ளியை விட்டே வெளியே அனுப்பிவிட்டு அந்த வாயால் அதைச் சொல்ல எப்படி மனசு வந்ததோ.

அந்தப் பலகையும் அதே இடத்தில்தான் நிற்கிறது, படகுத்துறைக்குப் பக்கத்தில். இடப்பக்கம் 'ஏரி', வலப்பக்கம் 'கரை'. தண்ணீரில் இறங்கும்போது அவரவர் பெயர் எழுதிய வில்லையை அவரவர் கையால் ஏரிப் பக்க ஆணியில் மாட்ட வேண்டும், ஏறியதும் கரைப் பக்கம் மாற்ற வேண்டும், இன்னொருவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. உனக்குத் தெரியாததா. போன வருஷம் பலகைப் பொறுப்பு உன்னுடையது. எல்லாரும் கரையேறிய பிறகும் அந்தச் சின்னப் பெண் மிதவையில் தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் வில்லை கரையில் தொங்கியது. நீதான் மாற்றினாய் என்று டீச்சர் சொன்னாள். சார்ஜர் எடுத்து வரச்சொல்லி உன்னைக் கூடாரத்துக்கு அனுப்பியதே அவள்தான் என்று நீ எத்தனை முறை அழுதாய். ஒருவராவது நம்பினாரா? அப்பாகூட உன் பக்கம் நிற்கவில்லை. நான் நம்பினேன் அக்கா. நான் சின்னப் பிள்ளை என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் வந்தேன். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க. நாளைக் காலை எல்லார் வீட்டிலிருந்தும் வருகிறார்கள். அதற்குள் நடக்க வேண்டும்.

காலையிலேயே இந்த லைஃப் ஜாக்கெட் அறையில், குவியலுக்குப் பின்னால், ஒரு பையை ஒளித்துவைத்தேன். டார்ச், தாள், பேனா, காய்ந்த சட்டை. மாலை நீச்சல் நேரத்தில் என் வில்லையை ஏரிப் பக்கம் மாட்டினேன். எல்லாரும் கூச்சல் போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது படகுத்துறைக்கு அடியில் புகுந்து, நாணல் வழியாக ஏறி, இங்கே வந்து உள்ளே தாழ்போட்டுக்கொண்டேன். பலகைக்கு நேராக ஒரு ஜன்னல் இருக்கிறது. மரச்சட்டங்கள் அடித்த ஜன்னல். இடுக்கு வழியாக எல்லாம் தெரியும்.

தூறல் போட்டது. எல்லாரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாதிப் பேர் வில்லையை மாற்றவே இல்லை. இன்று பலகைப் பொறுப்பு கொசுவுக்கு. கொசுவை உனக்கு நினைவிருக்கும், என் வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம், காதுக்குள் வந்து பேசுவாள். டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே, குடை எடுத்து வா என்று அவளை அனுப்பினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் ஏரிப் பக்கத்து வில்லைகளை எல்லாம் ஒரே கையால் வாரி எடுத்துக் கரைப் பக்கத்தில் ஒரே ஆணியில் கொத்தாக மாட்டினாள். ஏரியை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை அக்கா. போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தக் கொத்தில் நானும் இருந்தேன்.

ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். வாடீ வா, இன்று நீ மாட்டினாய் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் என்னைக் காணவில்லை என்று தெரிந்தது. முதலில் கூடாரத்தில், பிறகு குளியலறையில், பிறகு கரையெல்லாம் டார்ச் வெளிச்சம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீச்சல் முடிந்ததும் இந்த அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் இங்கே யாரும் தேடவில்லை. தலைமையாசிரியை பலகைக்கு முன்னால் நின்று, இன்று பலகையை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்கத்தானே இத்தனையும். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் வாயைத் திறந்தாள். "பலகை இந்தப் பொண்ணு பொறுப்பு மேடம். நான் சொல்லச் சொல்ல இவதான் எல்லாத்தையும் வாரி மாட்டிட்டா" என்று கொசுவைக் காட்டினாள். போன வருஷம் உன்னைக் காட்டிய அதே விரல். கொசு "நான் தொடலை மேடம், குடை எடுக்கப் போனேன், சத்தியமா தொடலை" என்று ஒரேயடியாக அழுதாள். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி, "பொய் வேற சொல்றியாடி?" என்று அதட்டினாள்.

அப்போதே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் புளுகட்டும், இன்னும் நாலு பேர் முன்னால் புளுகட்டும், அம்மா வரும்வரை புளுகட்டும், அப்புறம் போய் முன்னால் நிற்கலாம் என்று இருந்தேன். கொசு அழட்டும், நீ அழவில்லையா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கெட்டவளாகிவிட்டேன்.

இப்போது பயமாக இருக்கிறது. எதற்கு என்று சொல்கிறேன். நான் வெளியே போய் டீச்சரின் கையைப் பார்த்தேன் என்று சொன்னால், நீ ஏன் ஒளிந்தாய் என்று கேட்பார்கள். அவள் தங்கைதானே, பழிவாங்கத்தான் நாடகம் போட்டிருக்கிறாள் என்பார்கள். அது உண்மையும்தான். தெரியாமல் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். ஆனால் தூங்கியவள் ஜன்னல் வழியாக எதைப் பார்த்திருக்க முடியும்? இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. அவளை மாட்டவைக்கத்தான் யோசித்தேன், என்னை யார் நம்புவார்கள் என்று யோசிக்கவில்லை.

படகுக்காரரைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. அதற்குள் கொசு தண்ணீரில் இறங்கப் பார்த்தாள். "நான் தேடுறேன், எனக்கு நீந்தத் தெரியும்" என்று கத்துகிறாள். அவளுக்கு எங்கே தெரியும்? இடுப்பளவு தண்ணீரிலேயே என் தோளைத்தான் பிடித்துக்கொள்வாள். சமையல்காரர் அவளைப் பிடித்துவைத்திருக்கிறார்.

போகத்தான் போகிறேன். ஒளிந்தது நான்தான், பழிவாங்கத்தான் ஒளிந்தேன், அதனால்தான் பார்த்தேன் என்று மூன்றையும் சொல்லப் போகிறேன். அடித்தாலும் சரி. டீச்சர்மேல் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, வரவும் வராது. நீ மட்டும் வீட்டுக்கு வந்துவிடு அக்கா. உன் கட்டில் பக்கம் நான் இன்னும் எதுவும் வைக்கவில்லை. அம்மா கூப்பிடாவிட்டாலும் நான் கூப்பிட்டேன் என்று வா. நீ எங்கே இருந்தாலும் நன்றாக

கதவைத் தட்டுகிறார்கள். படகுக்காரர் இல்லை. ஒற்றை விரலால், மெதுவாக. தேடுகிறவர்கள் இப்படித் தட்ட மாட்டார்கள்.

டீச்சர்தான். வெளியே பூட்டு இல்லாததைப் பார்த்துவிட்டாள். "கண்ணு, சத்தம் போடாம திற. தூங்கிட்டேன்னு நீ சொல்லு, நானும் அதையே சொல்றேன். உன்னை யாரும் திட்டாம நான் பாத்துக்கறேன்" என்கிறாள். கண்ணு என்கிறாள் அக்கா.

எல்லாரும் இங்கே வரட்டும், அப்புறம் திறக்கிறேன். இந்த ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு விசில் தொங்குகிறது, ஒன்றை எடுத்து வாயில்